பிக்கப் உரிமையாளர் சங்கம்: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கிற அங்கத்தினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் போகும். படிக்காமலே கும்பிடு போடுவார்கள் என்பதும் தெரியும்.

ஆயுத பூஜை நடந்தது. வனபத்திரகாளியம்மன் ஆடிக் குண்டத்துக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டோம். கண் பரிசோதனை முகாமுக்கு டிரைவர்களைவிட அவர்கள் வீட்டுப் பெரியவர்களே அதிகம் வந்தார்கள்.

இனி டைனோ விஷயம். சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டு வண்டியின் சக்தியை அளக்கும் மெஷின் அது. உருளை மேல் வண்டி ஓட்டிப் பார்க்கச் சங்கக் காசா என்று கேட்கிறவர்கள்தான், பழைய வண்டியைத் தள்ளிவிட்டுக் கடனில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) வண்டி எடுக்கலாமுங்களா என்று கூட்டத்துக்குக் கூட்டம் என்னைக் கேட்டவர்கள். வாயால் பதில் சொன்னால் நம்புவதில்லை. அதனால் கோவையில் ஒரு பட்டறையில் நாள் வாங்கினேன்.

வண்டி தருகிறேன் என்று கை தூக்கியவர்கள் பலர். அன்று காலை போனை எடுத்தவர்கள் சிலர். கடைசியில் இரண்டரை லிட்டர் டீசலில் டர்போ உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று கிடைத்தது. 702 சிசி, 16 குதிரைத்திறன் பழைய டாடா ஏஸோடு வந்த ஒருவர் தன்னுடையதையும் ஏற்றச் சொல்லி அடம்பிடித்தார். ஒரே அளவு எஞ்சினை வைத்தால்தானே டர்போவின் வேலை தனியாகத் தெரியும்? இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

கம்பெனி சொல்லும் குதிரைத்திறன் டைனோவில் வராது. அது எஞ்சினில் அளந்தது; உருளைக்கு வருவது கியர்பாக்ஸும் ஆக்சிலும் தின்றது போக மீதி. டர்போ இல்லாத வண்டி எத்தனை முறை ஓட்டினாலும் தாளில் ஏறக்குறைய ஒரே சக்திக் கோடு போட்டது. டர்போ வண்டியின் கோடு எஞ்சின் மெதுவாகச் சுற்றும் அடி ஆர்பிஎம்மில் அதோடு ஒட்டியே போய், டர்போ பிடித்ததும் எகிறியது. ஆனால் அடுத்தடுத்த ஓட்டத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. மெஷின் ஏமாற்றுகிறது என்றார்கள். சூடானது இன்டர்கூலர், டர்போ அமுக்கிய காற்றை ஆற வைக்கும் பெட்டி. ரோட்டில் அடிக்கிற காற்று பட்டறை ஃபேனில் வருமா? ஆற விட்டு மறுபடி ஓட்டச் சொன்னவன் நான்தான். பொருளாளர் இதரச் செலவு என்று முகம் சுளித்துப் படிக்கப்போவது அந்தக் கூடுதல் நேரத்துக்கான காசு.

பட்டறையில் வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்தம் போட்ட கணக்கைத் தந்தார்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் லேசு என்பதால் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நியாயம். டர்போ தானே காற்றை அமுக்கிக் கொடுக்கிறது. அதற்கும் அதே பெருக்கல் போட்டால் இல்லாத சக்தியைக் காட்டும். திருத்தாத தாளையும் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

என் முடிவு இது. 100 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் சுமார் 1 சதவீதம் சக்தி இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தினமும் உரமூட்டையோடு குன்னூர் மலை ஏறுபவர் டர்போ எடுக்கட்டும். காரமடை, அன்னூர், அவிநாசி என்று ஓடுபவர் ஏர் ஃபில்டர் மாற்றி, டீசல் பீய்ச்சும் நாசில் பார்த்துப் பழைய வண்டியையே ஓட்டலாம், மாதத் தவணை மிச்சம். டர்போக்காரர்கள் மலை ஏறியதும் பட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடவும். இல்லையென்றால் ஆயில் ஓட்டம் நின்று சூட்டில் டர்போ பேரிங்கில் கரி பிடிக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவு, கடன் இல்லை. சந்தா பாக்கிக்காரர் பெயரை போர்டில் எழுதலாம் என்றார் தலைவர். மாமன் மச்சானாகப் பழகுகிற இடத்தில் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அடுத்த முறை தடுக்க மாட்டேன்.

மண்டபம் தந்தவருக்கும், டீ தந்த கடைக்காரருக்கும், நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு அதே வண்டிகளுக்கு டீசல் பம்ப் செட்டிங் பார்த்து மறுபடி டைனோவில் ஏற்ற எண்ணம். எனக்குப் பதவி ஆசை இல்லை, யார் வந்தாலும் ஃபைலைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் பட்டறையில் முன்பணம் கேட்கிறார்கள். ஆடிப் பதினெட்டுக்குள் சந்தா கட்டியவர்களின் வண்டிக்கே இடம். ரசீதுப் புத்தகத்தோடு சாப்பாட்டுப் பந்தி வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

செயலாளர்