‘போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்பதற்கு அப்புறம் இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. பட்டறையில் வேலை பார்த்த இளைஞரின் கை பிரஸ் மெஷினில் சிக்கியது, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், போலீசார் விசாரித்து வருகின்றனர். அதோடு முடிந்துவிட்டது. நான் அதை இரண்டு தடவை படித்தேன், ஏனென்றால் 2021-இல் என் தம்பிக்கு நடந்ததும் இதேதான்.

அவனுக்கு அப்போது 30 வயது. கோவை கணபதி பக்கம் ஏழு பேர் வேலை செய்கிற சின்னப் பட்டறை, பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிற பவர் பிரஸ். தகட்டை டை என்கிற அச்சுக்குள் வைத்து, பெடலை மிதித்து, அடித்ததை எடுத்துவிட்டு அடுத்த தகடு, நாள் முழுக்க இதே வேலை. கை உள்ளே போகாமல் தடுக்கிற பாதுகாப்பு மறைப்பைப் போட்டால் வேகம் குறைகிறது என்று அதைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். இரவு ஓவர்டைமில் வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம், கூடவந்த சூப்பர்வைசர் டியூட்டி டாக்டரிடம் “வீட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சு சார்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், என் தம்பி வலியில் அதற்கும் தலையாட்டுகிறான். இல்லை டாக்டர், பட்டறை மெஷின் என்று நான் சொன்னதால் ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், அப்படியே எழுதினார்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

பத்தாம் நாள் ஓனர் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரி செலவு நான் பார்த்துக்கிட்டேன், இந்தாங்க 40,000, பேசி முடிச்சுக்கலாம் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து கேட்டார். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று அதில் டைப் அடித்திருந்தது. தம்பி இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டான், அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார், நானே வாசல்வரை போய் நன்றி சொல்லி அனுப்பினேன். கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் ஒரு வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான் ஒரு தொழிற்சங்கத் தோழர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்தது. உறுப்பு இழப்புக்கு அதில் அட்டவணையே இருக்கிறது, ஒரு கையில் மூன்று விரல் போனால் 30 சதவீத இழப்பு. தம்பிக்குச் சம்பளம் 14,000. அதில் 60 சதவீதம் 8,400, அதை 30 வயதுக்குச் சட்டத்தில் கொடுத்திருக்கிற காரணி 207.98-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் 5,24,110 ரூபாய் வருகிறது. நாங்கள் வாங்கியது 40,000. பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதே என்றேன். இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்று சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வதைக் காட்டினார். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், எங்களுக்கு அப்போது நான்கு மாதம்தான் பாக்கி.

தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் மனு போட்டோம். சம்பளச் சீட்டு கிடையாது, கூட வேலை செய்தவர்கள் சாட்சிக்கு வரத் தயங்கினார்கள், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதே, நான் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை ஜிபேயில் வந்த பணத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும் அந்த ஏ.ஆர். காப்பியும்தான் ஆதாரம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா வாய்தாவாக இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் 12 சதவீத வட்டியோடு உத்தரவு வந்தது. இப்போது தம்பி சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். சட்டைப் பித்தானை மட்டும் இன்னும் அம்மாதான் போட்டுவிடுகிறார்.

இதை என் தம்பிக்காக எழுதவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம், சம்பளம் 21,000-க்குள் என்றால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் அது உண்டு. காண்டிராக்டர் மூலம் போனவர் என்றால் வேலை கொடுத்த பிரதான நிறுவனத்திடமே கேட்கலாம். இறந்துபோனால் குடும்பத்தின் கையில் திணிக்கிற ‘கருணைத் தொகை’ இழப்பீட்டுக் கணக்கிலேயே சேராது, இழப்பீட்டை அதற்கான அரசு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். 15,000 சம்பளம் வாங்கிய 30 வயதுக்காரர் இறந்தால் அது 15,59,850 ரூபாய், பல வீடுகளில் இரண்டு லட்சத்தை வாங்கிக்கொண்டு அழுதபடி ஊருக்குப் போய்விடுகிறார்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம், சொந்த ஊரிலிருந்தே மனு போடலாம் என்பது அந்தக் குடும்பங்களுக்கு யார் சொல்லி எப்படித் தெரியும்?

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கிற விபத்தும் இப்போது அதில் வருகிறது. சரி, நல்லதுதான். ஆனால் பவர் பிரஸ் முன்னால் நிற்கிறவனுக்கு அதை யாரும் சொல்வதில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலையிடத்தில் ஒருவர் அடிபட்டார், இறந்தார் என்று செய்தி போடும்போதெல்லாம் கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். மருத்துவமனையில் வேலையிட விபத்து என்றே பதிய வேண்டும், எந்தப் பத்திரத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம், தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், இவ்வளவுதான். போன வாரம் நீங்கள் எழுதிய அந்த இளைஞர் இன்னும் வார்டில்தான் இருப்பார், அவர் கட்டில் பக்கத்தில் யாராவது பத்திரத்தோடு வந்து நிற்பதற்கு முன்னால் உங்கள் நிருபர் ஒரு நடை போய் இதைச் சொல்லிவிட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்
கோவை-6