எரிந்தது போக எஞ்சிய கடிதங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அருங்காட்சியக, ஆய்வு நிறுவனமான வாஷிங்டன் ஸ்மித்சோனியனைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். அதன் முதல் செயலாளர் ஜோசப் ஹென்றி தனியொருவராக அதைக் கட்டியெழுப்பினார் என்ற கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பிரின்ஸ்டனில் மின்காந்த ஆய்வில் மூழ்கியிருந்த ஹென்றியை 1846இல் அப்பதவிக்கு வற்புறுத்தி அழைத்து வந்தவர், அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையின் தலைவரும் ஸ்மித்சோனியன் ஆட்சிக்குழு உறுப்பினருமான அலெக்சாண்டர் டல்லஸ் பேச். இவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் கொள்ளுப்பேரன். கோடையில் அளவைப் பணிக்காகக் கூடாரத்தில் தங்கும் வழக்கமுடைய இந்த நண்பர் பேச் அவர்களுக்கு ஹென்றி எழுதிய கடிதங்களில் அறிவியலைவிட நிர்வாகக் கவலைகளே மிகுதி. நிறுவனத்தின் பணம் நூலகத்துக்கா, ஆராய்ச்சிக்கா என்ற பூசல் முற்றி, 1854இல் நூலகர் சார்லஸ் ஜூவெட்டைப் பதவிநீக்கும் அளவுக்குப் போனபோது, ஆட்சிக்குழுவில் ஹென்றியின் பக்கம் உறுதியாக நின்றவரும் இந்த நண்பரே.

ஆனால் அந்த நட்பிலும் ஒளிவுமறைவு இருந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்கான சட்ட முன்வரைவை 1863 பிப்ரவரியில் பேச், இயற்கை அறிவியலாளர் லூயி அகாசி முதலியோர் ஹென்றியிடம் கலந்துகொள்ளாமலேயே உருவாக்கினர். மார்ச் 3ஆம் தேதி அது சட்டமாகிவிட்டது. அடுத்த ஆண்டு, ஹென்றியின் உதவிச் செயலாளரான ஸ்பென்சர் பேர்ட் அக்கழக உறுப்பினராவதை அகாசி எதிர்த்தார்; ஆயினும் பேர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

கட்டுரையாளரை முழுவதும் குறை சொல்வதற்கில்லை; மூலச் சான்றுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. 1865 ஜனவரி 24 அன்று, குளிருக்காக ஓவியக் கூடத்தில் வைத்த அடுப்பின் குழாயைப் புகைபோக்கி என்று நினைத்துச் சுவரின் உள்ளிடைவெளியில் செருகியிருந்ததால் கட்டடத்தின் மேல்தளம் தீப்பற்றியது. அனுப்பிய கடிதங்களின் நகல்கள் 35,000 பக்கங்கள், வந்த கடிதங்கள் 50,000 பக்கங்கள் எரிந்துபோனதாக ஹென்றியே கணக்குக் கொடுத்தார். நகல் வைத்திருந்த ஹென்றியின் அலுவலகம் சாம்பலானது. கடிதம் பெற்றவர்களின் பெட்டிகள் தப்பின. நண்பர் பேச் அவர்களுக்கு ஹென்றி எழுதியவை இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பது இதனால்தான். 1972 முதல் அவை தொகுதிகளாக அச்சாகியும் உள்ளன.

கட்டுரை நூலாக வெளிவரும்போது, கட்டுரையாளர் அத்தொகுதிகளை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தஞ்சாவூர்