ஆச்சி, நீங்கள் எந்த ஊர்?

அன்புள்ள மனோரமா ஆச்சிக்கு,

எங்கள் அம்மாயி உங்களைக் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர் என்றே நம்பிக்கொண்டிருந்தார். 'சின்ன கவுண்டர்' படத்தில் எடுப்பான பல்லை வைத்துக்கொண்டு நீங்கள் பேசிய பேச்சு அப்படி. மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தவர் என்று எத்தனை முறை சொன்னாலும், "போ கண்ணு, எனக்குத் தெரியாதாக்கும்" என்பார். அவரோடு வாதாடித் தோற்ற பிறகுதான் உங்கள் படங்களில் முகத்தைவிடப் பேச்சைக் கவனிக்கத் தொடங்கினேன்.

உங்களைப் பற்றி யார் எழுதினாலும் ஆயிரம் படங்கள், கின்னஸ், பத்மஸ்ரீ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எல்லாம் சரி. எனக்கு 1968ஆம் வருஷம் ஒன்றே போதும். 'பொம்மலாட்டம்' படத்தில் "வா வாத்தியாரே ஊட்டாண்ட" என்று அசல் மெட்ராஸ் பாஷையில் நீங்களே பாடினீர்கள். அதே வருஷம் ஜில் ஜில் ரமாமணியாகவும் வந்தீர்கள். சிவாஜியும் பத்மினியும் நிறைந்து நிற்கிற 'தில்லானா மோகனாம்பா'ளில், நாயனத்தின் சத்தத்தைப் பற்றி நீங்கள் வெள்ளந்தியாகக் கேட்கும் சந்தேகத்தை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் யாராவது ஒருவர் பேசிக் காட்டுகிறார். இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்று தெரியாதவரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

இது நாடகம் கொடுத்த சொத்து என்றே நினைக்கிறேன். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு மேடையேறியவர் நீங்கள். 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயர் வாங்கி, அப்புறம் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவுக்குப் போனீர்கள். மேடையில் க்ளோசப் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு இவள் யார், எந்த ஊர்க்காரி என்பதைக் குரல்தான் சொல்லியாக வேண்டும். ரமாமணியின் நாடகக் கொட்டகை வாழ்க்கையும் நீங்கள் நேரில் பார்த்ததுதானே!

1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்கு வந்து, 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவே நடித்தீர்கள். அந்த இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் பத்து வருஷத்தில் ஒதுக்கியிருப்பார்கள். நம் சினிமா கதாநாயகிகளிடம் அவ்வளவு கருணையில்லாதது. நீங்களோ வேலைக்காரி, மாமியார், அம்மா, பாட்டி என்று வயதோடு சேர்ந்து நடந்தீர்கள். 'புதிய பாதை'க்குத் தேசிய விருது வந்தபோது உங்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

2015 அக்டோபரில் நீங்கள் போய்விட்ட செய்தி டிவியில் ஓடியபோது அம்மாயி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்மூருப் புள்ள போயிருச்சு கண்ணு" என்றார்.

அன்புடன்,
அந்த அம்மாயியின் பேரன்