குட்டி கேட்ட கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

"பாப்பாவை ஏன் மாடு சாப்பிடுற தொட்டியில படுக்க வெச்சாங்க, அழுக்கா இருக்காதா?" என்று குட்டி கேட்டதை நேற்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டாய். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் கிறிஸ்துமஸ் கொண்டாடியும் இதை நான் யாரிடமும் கேட்டதில்லையே என்று காலையில் வேதத்தை எடுத்து, இயேசு பிறந்த கதை வருகிற லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் தெரியாத கதையைப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தேன்.

'மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார்' என்று நாம் பாட்டுக்குச் சொல்லிவிடுகிறோம், ஆனால் லூக்காவில் தொழுவம் என்ற சொல்லே இல்லை, மாட்டுக்குத் தீனி வைக்கிற முன்னணை மட்டும்தான். கத்தோலிக்கர் படிக்கும் மொழிபெயர்ப்பில் 'தீவனத் தொட்டி' என்று பச்சையாகவே போட்டிருக்கிறது. குட்டிக்கு அதுதான் புரியும். நமக்கு முன்னணை என்றால் பாட்டில் வருகிற அழகான வார்த்தை, அதற்குள் மாட்டின் எச்சிலும் இருந்திருக்கும் என்பது மறந்தே போய்விட்டது. மாடும் கழுதையும்கூட லூக்காவில் கிடையாது. "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்", என் ஜனத்துக்குத்தான் உணர்வில்லை என்று பழைய ஏற்பாட்டில் ஏசாயா 1:3 சொல்கிறது, அதை இந்தப் பிறப்போடு சேர்த்துப் படித்துத்தான் சபை அவற்றைக் கிறிஸ்துமஸ் குடிலுக்குள் கொண்டுவந்தது. ஆக, குடிலில் நிற்கிற மாடு அலங்காரத்துக்கு நிற்கவில்லை, நம்மைக் குத்திக்காட்ட நிற்கிறது.

அப்புறம், சத்திரத்தில் இடமில்லாததால்தான் பிள்ளையை முன்னணையில் கிடத்தினாள் என்று வருகிறதே, அந்தச் சத்திரம். கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் கட்டாலூமா. நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவனைக் கொண்டுபோகிற சத்திரத்துக்கு லூக்கா வேறு சொல் போடுகிறார். ஆனால் கடைசி இராப்போஜனம் நடந்த அறைக்கு இதே கட்டாலூமா. அதனால் இது விருந்தினர் தங்குகிற அறையாக இருக்கலாம், உறவுக்காரர் வீட்டில் அந்த அறை நிரம்பிவிட்டதால், ராத்திரியில் ஆடுமாடு கட்டுகிற பக்கத்தில் இவர்களுக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் கதவைச் சாத்துகிற சத்திரக்காரன் வேதத்தில் எங்கேயுமே இல்லை, பாவம், வருஷாவருஷம் அவனைத் திட்டுகிறோம்.

அழுக்கா இருக்காதா என்றால், இருந்திருக்கும்தான். ஆனால் பெற்றவளுக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும்? பிள்ளை உருளக் கூடாது, யார் காலிலும் மிதிபடக் கூடாது, குளிர்கிற தரையில் கிடக்கக் கூடாது. நீ பிறந்த வாரம் நாங்கள் வீடு மாறினோம், தொட்டில் எந்த மூட்டைக்குள் போனது என்றே தெரியவில்லை. அப்பா ஒரு பழைய பெட்டியைக் காலி செய்து, என் புடவையை நாலாக மடித்துப் போட்டு உன்னை அதில் கிடத்தினார். மூன்று ராத்திரி அதில்தான் தூங்கினாய். வந்து பார்த்த ஒரு அம்மா முகத்தைச் சுளித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது, எனக்கோ அந்தப் பெட்டியைப் பார்த்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் லூக்கா இதைச் சமாளிப்பாக மட்டும் எழுதவில்லை. 7, 12, 16 என்று பத்து வசனத்துக்குள் மூன்று தடவை முன்னணை வருகிறது. நடுவில் வருவது தூதன் மேய்ப்பர்களுக்குச் சொல்வது: "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையில் கிடத்தியிருக்கக் காண்பீர்கள், இதுவே உங்களுக்கு அடையாளம்." துணியில் சுற்றுவது எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுதான், தீவனத் தொட்டியில் கிடக்கிற பிள்ளை அன்றைக்கு அந்த ஊரில் ஒன்றுதான் இருந்திருக்கும். மேய்ப்பர்களுக்கு அதைவிடச் சரியான விலாசம் உண்டா சொல்லு. அரண்மனை என்றிருந்தால் வாசல் காவலைத் தாண்டியிருக்க முடியாது. தொட்டி அவர்கள் தினமும் புழங்குகிற சாமான், யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன் பக்கத்தில் போய் நிற்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் குட்டிக்கு அல்ல, உனக்குச் சொல்கிறேன். தொட்டி சாப்பாடு வைக்கிற இடம். பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு. "ஜீவ அப்பம் நானே" என்று பின்னால் சொல்லப்போகிறவரை, தீனி வைக்கிற இடத்திலேயே கிடத்தியிருக்கிறார்கள். முன்னணையில் கிடத்தப்பட்டவர் நமக்கு உணவானார் என்று பிஷப் அகஸ்டின் 1,600 வருஷத்துக்கு முன்பே பிரசங்கம் செய்திருக்கிறார். பிறந்த அன்று கட்டாலூமாவில் இடம் கிடைக்காதவர், கடைசி ராத்திரி ஒரு கட்டாலூமாவில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறார். லூக்கா தெரிந்தேதான் அந்தச் சொல்லைத் திரும்பப் போட்டாரா என்று யோசித்து யோசித்து என் காப்பி ஆறிப்போனது.

1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் என்கிற துறவி குடில் வைத்தபோதும் பொம்மை எதையும் அடுக்கவில்லை. நிஜ வைக்கோல், நிஜ மாடு, நிஜக் கழுதை, அந்த முன்னணைமேலேயே திருப்பலி. அந்தக் குழந்தை பட்ட கஷ்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அவரும் நம் குட்டி மாதிரி கேட்டிருப்பார் போல.

இத்தனையும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்காதே. இந்தத் தடவை குடில் வைக்கும்போது தொட்டியை மட்டும் காலியாக விட்டுவிடு. 24ஆம் தேதி ராத்திரி பாப்பா பொம்மையை அவன் கையில் கொடு, அதுக்கு அழுக்குப் படாமல் கீழே என்ன விரிக்கலாம் என்று அவனையே தேடி எடுத்து வரச் சொல். என்ன கொண்டுவந்தான் என்று மறக்காமல் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா