20 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மரபணுவைப் பார்த்து இதய நோய்க்கு மருந்து கொடுக்கும் முறை "நம்மை எட்ட இன்னும் 20 ஆண்டுகளாவது ஆகும்" என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையைக் கல்லீரல் மாற்றிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கான நொதியைத் தரும் மரபணு சிஒய்பி2சி19. அதன் இரண்டு பிரதிகளும் செயலிழந்தவர்களுக்கு மாத்திரையின் பலன் குறைவு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-லேயே கட்டம் கட்டி எச்சரித்துவிட்டது. உங்கள் 20 ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறதோ!

என் அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்து இதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். சில வாரங்களில் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, மறுபடி அவசரப் பிரிவு. "மாத்திரையை ஒழுங்காப் போட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி. அண்ணி பேசவில்லை. கைப்பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் பேனாவால் தேதி எழுதியிருந்தது. அப்புறம்தான் ஓர் இளம் டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். இரண்டு பிரதிகளுமே செயல்படாதவை. இந்த நொதியை நம்பியிராத டிகாக்ரெலர் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிட இந்தக் குறை அதிகம். இதையும் நீங்கள் எழுதவில்லை.

எனக்குக் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையால் தொடை கடுத்தபோது, வயதானால் அப்படித்தான் என்றார்கள். எஸ்எல்சிஓ1பி1 மரபணு மாற்றத்துக்கும் இந்தத் தசைவலிக்கும் உள்ள தொடர்பு 2008-ல் வெளிவந்த செய்தி. அதைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்கவில்லை, அந்த இடத்தில் நடைப்பயிற்சியின் நன்மைகள் வந்திருந்தன. நடக்க முடியாமல்தானே ஐயா எழுதினேன்?

எல்லாம் மரபணுவில் இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மரபணுவைப் பார்த்து மாத்திரை கொடுத்தால் பலன் கூடுமா என்று சோதித்த டெய்லர் பிசிஐ ஆய்வு, 2020-ல் அதை நிரூபிக்க முடியாமல் மயிரிழையில் நழுவியதும் தெரியும். பல மரபணுக்களைக் கூட்டி, நோய் வரும் ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவில் எழுந்தவைதான். அந்தச் சந்தேகங்களை எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன். நீங்களோ கையிலிருப்பதையே இல்லை என்றுவிட்டீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குளோபிடோக்ரல், சிஒய்பி2சி19 என்ற இரண்டு பெயர்களை மட்டும் அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் வெட்டி எடுத்துப் போய் டாக்டரிடம் கேட்கட்டும். குறுக்கெழுத்துப் புதிருக்குக் கீழே போட்டாலும் சரி, அந்தப் பக்கத்தையாவது எல்லோரும் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்