வில்லங்கம் பார்க்காத வயல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அன்றைக்கு போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, அம்மா பக்கத்திலேயே நின்றாள். "ஜெர்மனிக்குப் போகாமல் இருந்தது தப்பாப்பா?" என்றாய். உனக்குப் பதிலாகப் போன பெண்ணுக்குப் பதவி உயர்வு வந்த மறுநாள்தான் இந்தக் கேள்வி வந்தது என்பதையும் கவனித்தேன்.

2023 வெள்ளம் நினைவிருக்கிறதா? மார்கழி பிறந்த அன்று பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நாம் பிசான நெல் நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் வரப்பு எது வயல் எது என்று தெரியவில்லை. கணுக்கால் உயரத்துக்கு மணல், அதில் அங்கங்கே நாற்றின் நுனி மட்டும் முடிபோல நீட்டிக்கொண்டிருந்தது. தெற்குத்தெருப் பெரியப்பா அப்போதுதான் நாற்றே பாவியிருந்தார், அதுவும் மேட்டு வயலில். "அண்ணாச்சிக்கு வானம் பேசும்" என்று டீக்கடையில் ஒரே புகழ்ச்சி. அவருக்கு டிராக்டர் கிடைக்காமல் பிந்தியது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டு டீயைக் குடித்தார்.

நான் நட்டது தப்பா? கண்ணடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றிக்கொண்டிருந்தது, இன்னும் தள்ளினால் தூர் கட்டாது. அப்படி ஒரு மழை வரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அதே நிலைமை வந்தால் இந்த வருஷமும் நடத்தான் செய்வேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பத்தமடை ரோட்டில் நாம் வாங்கிய பத்து மரக்கால் விதைப்பாடு வயலை, அதன் மேல் கடன், அடமானம் உண்டா என்று வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் வெறும் வாய்வார்த்தையை நம்பி வாங்கினேன். பத்திரம் சுத்தமாக இருந்தது என் அதிர்ஷ்டம். இன்றைக்கு அதன் விலையைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். அப்படி வாங்கியது வடிகட்டிய முட்டாள்தனம்.

இப்போது உன் விஷயம். கம்பெனி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டது. அம்மாவின் கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், ரிசல்ட் வரப் பன்னிரண்டு நாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாய். அது வெறும் கொழுப்புக் கட்டி என்று அன்றைக்கு உனக்கு எப்படித் தெரியும்? தெரியாதபோது எடுத்த முடிவைத் தெரிந்தபின் எடைபோடாதே. இருந்தது சரிதான்.

ஆனால் ஒரு இடத்தில் அவசரப்பட்டுவிட்டாய். "ரெண்டு வாரம் தவணை கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுத்திருப்பார்களோ என்னவோ, கேட்கவே இல்லையே நீ. குறை சொல்வதென்றால் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. நீ போகவில்லை என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதனால் "சரி" என்று நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்.

உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் பேச்செடுக்காதே. வில்லங்கம் பார்க்காத கதை அவளுக்கு இன்னும் தெரியாது.

அப்பா