ஆங்கிலத்தின் முதல் கவிஞர் மாடு பார்த்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, உங்கள் ஞாயிறு இதழில் உயர்தர மாணவர்களுக்காக வெளிவந்த ஆங்கில இலக்கிய வரலாற்றுக் கட்டுரையைப் படித்தேன். ஆங்கிலக் கவிதை சோசர் என்ற கவிஞரில்தான் தொடங்குகிறது, அதற்கு முன் இருந்ததெல்லாம் பாதிரிமாரின் லத்தீன் என்று கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். இது சரியல்ல. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டிய பகுதியை அந்த இரண்டு வரி விழுங்கிவிட்டதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

சோசர் இறந்தது 1400இல். அதற்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் பாடிவிட்டார். அவர் பெயர் கேட்மன். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் விட்பி என்ற இடத்து மடத்தில் மாடு பார்த்தவர். அந்த மடத்தை 657 முதல் 680 வரை நடத்தியவர் ஹில்டா என்ற பெண் துறவி. கேட்மனின் கதையை பீட் என்ற துறவி 731இல் எழுதி முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றில் சொல்கிறார்.

விருந்துகளில் யாழ் போன்ற ஒரு கருவி கை மாறி மாறி வரும். வாங்கியவர் பாட வேண்டும். தன் பக்கம் அது வருவதைக் கண்டதும் கேட்மன் எழுந்து போய்விடுவார், பாடத் தெரியாது என்ற கூச்சம். ஓர் இரவு அப்படிப் போய் மாட்டுத் தொழுவத்தில் படுத்திருந்தபோது கனவில் ஒருவர் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, "எனக்கு ஏதாவது பாடு" என்கிறார். "பாடத் தெரியாமல்தானே விருந்தை விட்டு வந்தேன்" என்கிறார் இவர். "இருந்தாலும் நீ பாடத்தான் வேண்டும், படைப்பின் தொடக்கத்தைப் பாடு." பாடினார். காலையில் தன் மேலாளிடம் போய்ச் சொன்னார். எங்கள் பேச்சில் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேலாள் அவரைத் துரத்தாமல் ஹில்டாவிடம் அழைத்துப் போனார். படித்தவர்கள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். வேதத்தில் ஒரு பகுதியைச் சொல்லிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அதைப் பாட்டாக்கிக் கொண்டுவந்தார். கேட்டதை மனதில் போட்டு மாடு அசைபோடுவது போல அசைபோட்டுப் பாட்டாக்கினார் என்று பீட் எழுதுகிறார். பீட் எழுதியது லத்தீனில். அந்நூலின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இன்னொன்றும் உண்டு: கேட்மனின் ஆசிரியர்களே அவர் வாயிலிருந்து வந்ததை எழுதிக்கொண்டார்களாம்.

என் அப்பாவும் தோட்டத்து மாட்டுப்பட்டியில் வேலை செய்தவர். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் வழக்கத்தில் வாய் திறக்காத பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்றால் துரை பங்களாவின் மொழி. அந்த மொழியில் பேர் சொல்லி நாம் அறிகிற முதல் கவிஞர் ஒரு தொழுவத்துக்காரர் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறக்கிற விதமே வேறாக இருக்கும்.

கேட்மனின் பாடல்களில் நமக்கு உறுதியாகக் கிடைத்திருப்பது ஒன்பதே வரி. வானத்தை மனிதப் பிள்ளைகளுக்குக் கூரையாகப் போட்டவன் என்று கடவுளைப் புகழ்கிற பாட்டு. பொருள் புதிது, யாப்பு பழையது. ஒவ்வொரு வரியும் இரண்டு பாதியாக நிற்கும், இரண்டையும் முதலெழுத்து ஓசை ஒன்றிக் கட்டும். நம் மோனையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே வீரர்களைப் பாடிய யாப்பு அது. புதிய சமயம் அதை ஒதுக்கவில்லை, தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. தலைவனுக்கும் படைக்கும் வழங்கிய சொற்களைக் கடவுளுக்கும் கொடுத்தது. சிலுவையே பேசுகிற ஒரு கனவுப் பாட்டு உண்டு. அதில் கிறிஸ்து இளம் வீரனாக, தானே துணிந்து சிலுவையில் ஏறுகிறார். தலைவனைக் காக்க வேண்டிய சிலுவை, அவருடைய சாவைச் சுமந்து அசையாமல் நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று அழுகிறது. அந்தப் பாட்டின் சில வரிகள் ஸ்கொட்லாந்தில் ருத்வெல் என்ற ஊரின் கற்சிலுவையில் ரூன் என்ற பழைய எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. முழுப் பாட்டு இத்தாலியின் வெர்செல்லி நகரத்துக் கையெழுத்து நூலில் கிடைத்தது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் ஆக்கி, நாட்டுப் படலம், நகரப் படலம் என்று நம் காப்பிய மரபிலேயே பாடினாரே, அதே வழிதான்.

மொழிக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாப்பரசர் முதலாம் கிரெகரி அனுப்பிய அகஸ்டின் 597இல் இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டில் வந்து இறங்கினார். அதற்கு முன் அந்த மக்களிடம் ரூன் எழுத்து இருந்தது, கல்லிலும் எலும்பிலும் மரத்திலும் சிறு சிறு வாசகங்களாக. தோலில் மையால் நீளமாக எழுதும் பழக்கம் மடங்களோடு வந்தது. உரோம எழுத்தில் இல்லாத ஒலிகளுக்கு ரூனிலிருந்தே இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். கென்ட் அரசன் எதெல்பெர்ட் கிறிஸ்தவனாகிச் சில ஆண்டுகளில் சட்டம் எழுதுவித்தபோது அதை லத்தீனில் அல்ல, ஆங்கிலத்திலேயே எழுதினார்கள். பிஷப், கேண்டில், ஸ்கூல் போன்ற சொற்கள் அந்தக் காலத்தில் லத்தீன் வழியாக வந்து ஒட்டிக்கொண்டவை. ஆனால் கடவுள், சொர்க்கம், நரகம் ஆகியவற்றுக்கு மக்கள் முன்பே வழங்கிய சொற்களே போதுமென்று விட்டுவிட்டார்கள். கோவில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றி அங்கேயே வழிபாடு நடத்துங்கள் என்று கிரெகரி 601இல் எழுதினார். சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தச் சிலைகளை நினைத்து வருத்தம்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

இழந்ததும் உண்டு. எதை எழுதுவது என்று துறவிகளே முடிவு செய்தார்கள். பழைய தெய்வங்களைப் பாடியவை ஏறக்குறைய மறைந்தே போயின. 797இல் அல்குயின் என்ற அறிஞர் ஓர் ஆயருக்கு எழுதிய கடிதத்தில், சாப்பாட்டு வேளையில் வேதம் வாசிக்க வேண்டும், பழைய வீரன் இங்கெல்டுக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன சம்பந்தம் என்று கடிந்துகொள்கிறார். அப்படியென்றால் அந்த வீரப் பாட்டுகளை அந்தச் சாப்பாட்டில் உட்கார்ந்தவர்கள் விரும்பிக் கேட்டிருக்கிறார்கள்! நல்லவேளை. பேயோவுல்ஃப் என்ற 3182 வரிக் காவியம் கி.பி. 1000 அளவில் இரண்டு பேர் பிரதி எடுத்த ஒரே ஏட்டில் பிழைத்திருக்கிறது. அதில் வரும் அரக்கன் கிரெண்டல், வேதத்தில் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம் என்று கவிஞர் சேர்த்திருக்கிறார். 1731இல் அது இருந்த நூலகத்தில் தீப்பிடித்து ஓரங்கள் கருகின. அந்த ஒரு பிரதியும் போயிருந்தால் அப்படியொரு காவியம் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன். 1854இல் கண்டியில் தமிழ்க் கூலி மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியம் தொடங்கியது. அப்போது இங்கே காப்பித் தோட்டம். உபதேசிமார் லயம் லயமாக நடந்து எழுத்தைக் கொண்டுவந்தார்கள், பாடசாலை வைத்தார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் மாசியில் காமன் கூத்துக்குத் தப்படித்துப் பாடுகிறவர்களின் பாட்டையும், கொழுந்து மலையில் அம்மாமார் பாடியதையும், சாவு வீட்டு ஒப்பாரியையும் யார் எழுதினார்கள்? சிலர் தொகுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு வணக்கம். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் பாட்டு வேறு. ரதி மன்மதன் கதையை விடியும்வரை பாடத் தெரிந்த கூத்து வாத்தியார்கள் எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கொழும்பில் கடை வேலையில். படித்தவர்கள் நாங்கள் ஹட்டன் டவுனில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். விட்பியில் கேட்மன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர்களும் படித்தவர்கள்தானே. கோவில் பரிபாலன சபையோ, சேர்ச்சோ, பாடசாலையோ, யார் செய்தாலும் சரி. அவர்களைப் போல உட்கார ஆள் வேண்டும்.

உங்களிடம் என் கோரிக்கை இரண்டு. உயர்தர மாணவர்களுக்கான பக்கத்தில் சோசருக்கு முந்திய காலத்துக்கு ஒரு முழுக் கட்டுரை போடுங்கள், எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். அடுத்தது, ஞாயிறு இதழில் அரைப் பக்கம் தோட்டப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் தங்கள் அம்மாயி, அப்பாயியிடம் கேட்டு எழுதி அனுப்பட்டும். பாடினவர் சம்மதித்தால் அவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், டிவிஷனையும் பாட்டுக்கு மேலே போட வேண்டும். பேச்சு வழக்கைத் திருத்தக் கூடாது. எங்கள் கீழ் டிவிஷனில் கேட்டு எழுதிய ஒரு தாலாட்டு என்னிடம் தயாராக இருக்கிறது. நீங்கள் சரி என்றால் அடுத்த தபாலிலேயே அனுப்பிவிடுவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
பொகவந்தலாவை.